காயத்தைப் படிக்கக் கற்பிக்கும் வகுப்பு: செவிலியர் பயிற்சி ஒன்றின் மதிப்புரை

குடும்ப வன்முறையைப் புரிந்துகொள்வது, குழந்தை வதையை அடையாளம் காண்பது ஆகியவை குறித்துப் பணியிலுள்ள செவிலியர்களுக்கெனத் தனியார் பயிற்சி நிறுவனம் ஒன்று நடத்திய இரண்டு நாள் வகுப்பில் அண்மையில் கலந்துகொண்டேன். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவிலும் குழந்தைகள் வார்டிலும் வேலை பார்ப்பவள் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். வகுப்பில் நாங்கள் பகிர்ந்துகொண்ட நிகழ்வுகளில் வரும் குழந்தைகளை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால், நடத்திய நிறுவனத்தின் பெயரையும் ஊரையும் தவிர்த்திருக்கிறேன். என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு காயத்தைப் பார்த்து எப்போது ஐயப்பட வேண்டும் என்பதை இவ்வளவு தெளிவாகக் கற்பித்த வகுப்பை நான் இதற்கு முன் கண்டதில்லை. ஆனால் ஐயம் வந்த பிறகு, அந்தக் குழந்தை இன்னும் நம் கட்டிலில் இருக்கும் அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது என்பதை அது போதிய அளவு கற்பிக்கவில்லை.

பயிற்சியின் மிகப் பெரிய பலம் தாயையும் குழந்தையையும் பிரிக்காமல் பார்த்ததுதான். நமது நர்சிங் படிப்பில் குழந்தை வதை குழந்தைகள் நலப் பாடத்திலும், மனைவியை அடிப்பது சமூக நலப் பாடத்திலுமாகச் சிதறிக் கிடக்கிறது. வீட்டுக்குள் அவை அப்படிப் பிரிந்து நடப்பதில்லை. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையிலான, திருமணமான பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளாகியுள்ளனர். அனைத்திந்திய அளவு சுமார் 29 விழுக்காடு. கல்வியிலும் மருத்துவ வசதியிலும் முன்னணியில் இருக்கும் மாநிலத்துக்கு இந்த எண் இருக்கிறது என்பதை வகுப்பில் சொன்னபோது அறையில் யாரும் வியக்கவில்லை. எல்லோரும் வார்டில் பார்த்ததுதான். உடம்பெல்லாம் காயத்தோடு ஒரு தாய் வந்தால் வீட்டிலுள்ள குழந்தைகளைப் பற்றிக் கேட்க வேண்டும், காரணம் விளங்காத காயத்தோடு ஒரு குழந்தை வந்தால் தாயிடம் தனியாகப் பேச வேண்டும் என்ற ஒரே விதியைப் பயிற்சியாளர் முதல் நாள் முழுவதும் வெவ்வேறு நிகழ்வுகளின் வழியாகப் பதிய வைத்தார்.

இந்தத் துறையின் வரலாற்றுக்கு அவர் ஒதுக்கிய நேரமும் வீண் அல்ல. 1946 ஆம் ஆண்டில் ஜான் காஃபி என்ற மருத்துவர், மூளை உறைக்கடியில் இரத்தக்கட்டு இருந்த கைக்குழந்தைகளுக்குக் கைகால் எலும்புகளிலும் முறிவுகள் இருப்பதைக் கண்டு எழுதினார். ஆனால் பெற்றவர்களே அதற்குக் காரணமாக இருக்கக்கூடும் என்பதை மருத்துவ உலகம் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது, 1962 இல் ஹென்றி கெம்ப்பும் உடன் பணியாற்றியவர்களும் அடிபட்ட குழந்தையின் நோய்க்குறித் தொகுதியைப் பற்றிய கட்டுரையை வெளியிட்ட பிறகுதான். படித்த மருத்துவர்களுக்கே எக்ஸ்ரேயில் தெரிந்ததை நம்புவதற்குப் பதினாறு ஆண்டுகள் பிடித்திருக்கின்றன என்றால், பாசமாகப் பேசும் ஒரு தகப்பனை முன்னால் வைத்துக்கொண்டு ஐயப்படுவதற்கு ஒரு செவிலியர் தயங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தயக்கம் இருக்கும் என்று தெரிந்தே அதைக் கடக்கப் பழக வேண்டும் என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அடையாளங்கள் பற்றிய அமர்வுதான் இந்தப் பயிற்சிக்குக் கொடுத்த பணத்துக்கு ஈடு. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் காயங்களுக்காக மேரி கிளைட் பியர்ஸ் குழுவினர் உருவாக்கி 2021 இல் விரிவாக்கிய டென்-4-ஃபேசஸ்-பி விதியை (ஐயப்பட வேண்டிய உடல் பகுதிகளின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்த பெயர்) மையமாக வைத்தே அமர்வு நடந்தது. நடக்கப் பழகும் குழந்தைக்கு முழங்காலிலும் கணைக்காலிலும் நெற்றியிலும் கன்றிப்போவது இயல்பு. ஆனால் மார்பு, வயிறு, முதுகு, பிட்டம், காது, கழுத்து, தாடை முனை, கன்னத்தின் சதைப்பகுதி, கண்ணிமை ஆகிய இடங்களில் கன்றியிருந்தாலோ, கண் வெள்ளையில் இரத்தம் கட்டியிருந்தாலோ, மேலுதட்டை ஈறோடு இணைக்கும் மெல்லிய தசை கிழிந்திருந்தாலோ, கை விரல் அல்லது பெல்ட்டின் வடிவம் தெரிந்தாலோ நின்று கவனிக்க வேண்டும். நான்கு மாதமோ அதற்குக் குறைவோ ஆன குழந்தைக்கு உடலில் எங்கே கன்றியிருந்தாலும் அது எச்சரிக்கைதான், ஏனென்றால் புரளவே பழகாத குழந்தை தானாக எங்கும் மோதிக்கொள்ள முடியாது. குழந்தையின் வளர்ச்சி நிலையும் சொல்லப்படும் கதையும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் பழக்கத்தைப் பிற்பகல் முழுவதும் பயிற்சியாக அளித்தார்கள். வெந்நீர்க் காயத்தில், தானாக இழுத்துக் கொட்டிக்கொண்ட குழந்தைக்குத் தெறித்த புண்கள் ஒழுங்கற்று இருக்கும். பிடித்து அமிழ்த்திய குழந்தைக்கோ கையுறையோ காலுறையோ அணிந்ததுபோல் இரு பக்கமும் ஒரே கோட்டில் எல்லை கட்டியிருக்கும். கன்றலின் நிறத்தை வைத்து அது எத்தனை நாள் பழையது என்று எழுதும் நம் பழக்கத்தைக் கைவிடச் சொன்னதும் முக்கியம். அந்தக் கணிப்பு நம்பத்தக்கதல்ல என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இடம், வடிவம், சென்டிமீட்டரில் அளவு, கண்ட நேரம் ஆகியவற்றை உடல் வரைபடத்தில் குறித்தால் போதும்.

இந்த அமர்வில் ஒரு பெருங்குறை இருந்தது. காட்டப்பட்ட படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோல் குழந்தைகளுடையவை. நம் வார்டில் இருக்கும் கருநிறக் குழந்தையின் தோலில் கன்றல் அப்படிச் செக்கச்செவேலென்று தெரியாது. சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, வீக்கத்தையும் சூட்டையும் தொட்டறிந்து, தொடும்போது குழந்தை முகம் சுளிக்கிறதா என்று கவனித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மறுபுறம், நம் பச்சிளங்குழந்தைகள் பலருக்கு இடுப்பிலும் பிட்டத்திலும் பிறவியிலேயே இருக்கும் நீல நிறத் திட்டுகளை அடிபட்ட தழும்பு என்று தவறாக எண்ணிவிடும் ஆபத்தும் உண்டு. அவை கன்றலைப்போல் சில நாட்களில் நிறம் மாறாது, அழுத்தினால் வலிக்காது, பிறந்தபோதே கேஸ் ஷீட்டில் எழுதி வைத்திருந்தால் பிறகு குழப்பமும் இராது. காமாலைக்கும் வலிப்புக்கும் சூடு போடும் வழக்கம் இன்னும் சில ஊர்களில் இருப்பதால், வயிற்றில் வட்டத் தழும்போடு வரும் குழந்தையின் பெற்றோர் வதைத்தவர்களா, அறியாமையால் வைத்தியம் செய்தவர்களா என்ற கேள்வியை நாங்கள் எழுப்பினோம். காயம் காயம்தான், பதிவு செய்தே ஆக வேண்டும், ஆனால் அந்தக் குடும்பத்திடம் பேசும் முறை வேறு என்று பயிற்சியாளர் சொன்ன விடை சரியானது. இன்னும் விரிவாக அமைந்திருக்கலாம். வறுமையால் இளைத்த குழந்தையையும் புறக்கணிப்பால் இளைத்த குழந்தையையும் வேறுபடுத்துவதைப் பற்றியும் இப்படித்தான் இரண்டு வரியில் கடந்துவிட்டார்கள். அங்கன்வாடி எடைப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேச வேண்டிய விஷயம் அது.

பெண்களிடம் கேட்பது எப்படி என்ற பகுதி உலக நலவாழ்வு நிறுவனத்தின் முதல்நிலை ஆதரவு முறையைப் பின்பற்றியது. கேள், விசாரி, நம்பு, பாதுகாப்பைக் கூட்டு, ஆதரவோடு இணை என்ற ஐந்து படிகளும் எளியவை. கூட வந்த மாமியாரோ கணவரோ காதில் விழும் தூரத்தில் இருக்கும்போதோ, பேச்சைப் புரிந்துகொள்ளும் வயதுக் குழந்தை பக்கத்தில் இருக்கும்போதோ கேட்கவே கூடாது. சிறுநீர் மாதிரி எடுக்கவோ எடை பார்க்கவோ கூட்டிப்போகும் இடமே பேசும் இடம் என்றார்கள். இங்கே நான் எதிர்பார்த்து ஏமாந்த ஒன்று உண்டு. அரளி விதையும் எலிமருந்தும் பூச்சிமருந்தும் குடித்து வரும் இளம் பெண்களை வாரம் தவறாமல் பார்க்கும் தமிழ்நாட்டுச் செவிலியர்களுக்கு, வயிற்றைக் கழுவி ஆபத்து நீங்கிய மறுநாள் காலையில் ஏன் குடித்தாய் என்று எப்படிக் கேட்பது என்பதைத்தான் முதலில் கற்பித்திருக்க வேண்டும். பெரும்பாலும் அந்தக் கேள்வி கேட்கப்படாமலே டிஸ்சார்ஜ் எழுதப்படுகிறது.

சட்டப் பகுதி அவசரமாக முடிந்தது. ஸ்லைடுகளில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய எண்களே இருந்தன. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் நடைமுறையில் இருப்பதால் இது திருத்தப்பட வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் கட்டணமின்றி உடனடியாகச் சிகிச்சை தர வேண்டும் என்ற கடமை இப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397 ஆம் பிரிவில் இருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19 ஆம் பிரிவை மட்டும் தெளிவாக விளக்கினார்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்மீது பாலியல் குற்றம் நடந்திருப்பதாக அறிந்தவரோ, நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரோ எவராயினும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் 21 ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. முதல் தகவல் அறிக்கை பதிவாகாவிட்டாலும் பரிசோதிக்கலாம் என்பதும், 2020 ஆம் ஆண்டு விதிகளின்படி அவசரச் சிகிச்சைக்கு எந்த ஆணையையும் முன்கூட்டிக் கேட்கக்கூடாது என்பதும் வகுப்பில் பலருக்குப் புதிய செய்தி. 2005 ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் விதிகளில் எங்களுக்கு நேரடியாக உதவும் ஒன்றைச் சொல்லாமலே விட்டுவிட்டார்கள். பாதிக்கப்பட்ட பெண் முன்னதாகப் புகார் கொடுக்காமல் வந்தாலும் மருத்துவமனை சிகிச்சை மறுக்கக்கூடாது. குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கையை மருத்துவமனையே நிரப்பிப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். அந்தப் படிவத்தை ஆளுக்கொன்று கொடுத்து நிரப்பப் பழக்கியிருந்தால் வகுப்பின் பயன் இரட்டித்திருக்கும்.

முதலில் நான் சொன்ன குறை இங்கேதான் முற்றுகிறது. இரவு டியூட்டியில் ஒரு செவிலியர் ஐயப்படுகிறார். பணியிலிருக்கும் மருத்துவர், “விழுந்ததுன்னு சொல்றாங்க சிஸ்டர், அப்படியே எழுதிடுங்க” என்கிறார். குடும்பமோ விருப்பத்தின் பேரில் கூட்டிப்போவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பத் தயாராக நிற்கிறது. இந்தச் சூழலுக்கு ஒரு நாடகப் பயிற்சிகூட வகுப்பில் இல்லை. ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது விபத்துப் பதிவேட்டில், பதிவு செய்யச் சொல்லி மருத்துவரிடம் மரியாதை குறையாமல் எப்படி வற்புறுத்துவது, மருத்துவமனை அவுட்போஸ்ட் காவலரை எந்தக் கட்டத்தில் கூப்பிடுவது, கூடுதல் பரிசோதனை என்ற காரணத்தோடு குழந்தையைக் காலை வரை எப்படி வார்டில் இருத்துவது, குழந்தைகள் உதவி எண்ணான 1098 இல் பேசும்போது என்னென்ன சொல்வது, தாய்க்கு 181 என்ற மகளிர் உதவி எண்ணையும் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் சகி மையத்தையும் கணவர் கண்ணில் படாமல் எப்படித் தெரிவிப்பது ஆகியவைதான் இந்த வேலையின் கடினமான பகுதி. பிரசவத்துக்குப் பதிவு செய்ய வரும் பதினேழு வயதுப் பெண்ணைப் பற்றியும் பேச்சில்லை. தெரிவித்தால் அவள் அடுத்த முறை பரிசோதனைக்கே வரமாட்டாள், தெரிவிக்காவிட்டால் போக்சோ சட்டம் நம்மைப் பிடிக்கும் என்ற இக்கட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர்கள் தவிக்கிறார்கள். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளது பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் காவல் துறைக்கான தகவலில் அவளது அடையாளத்தை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. பிரசவத்தைத் தொடர விரும்பும் சிறுமியின் நிலையை அந்தத் தீர்ப்பு தீர்த்துவைக்கவில்லை. இந்தச் சிக்கலைச் சிக்கல் என்றே ஒப்புக்கொண்டு பேசும் ஒரு அமர்வாவது இருந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் நிறுவனம் கவனிக்க வேண்டும். ஓர் அறையில் இத்தனை பெண்கள் உட்கார்ந்து குடும்ப வன்முறையைப் பற்றி இரண்டு நாள் பேசினால், அவர்களில் சிலர் அதைத் தம் வீட்டிலேயே அனுபவிப்பவர்களாக இருப்பார்கள். படங்களைக் காட்டும்போது ஒரு சகோதரி எழுந்து வெளியே போனார்; யாரும் பின்னால் போகவில்லை. உளவியல் ஆலோசகர் ஒருவரை இரண்டு நாளும் அங்கே இருக்கச் செய்வது ஆடம்பரமல்ல, பயிற்சியின் பகுதி.

கட்டணம் 1,500 ரூபாய். மதிய உணவும் சான்றிதழும் அதில் அடக்கம். கையேடு தெளிவான தமிழில் இருக்கிறது, உடல் வரைபடங்களை நகலெடுத்து வார்டில் பயன்படுத்தலாம். குழந்தைகள் வார்டு, பிரசவ வார்டு, அவசரப் பிரிவு ஆகியவற்றில் புதிதாகச் சேர்ந்தவர்கள் தயங்காமல் போகலாம். அடையாளம் காணும் கண் நிச்சயமாகக் கூர்மையாகும். பல ஆண்டு அனுபவமுள்ளவர்களுக்கு முதல் நாள் போதும். மருத்துவமனைகள் ஆட்களை அனுப்புவதானால் செவிலியர்களோடு ஒரு பணி மருத்துவரையும் சேர்த்து அனுப்புவது நல்லது, ஏனெனில் ஏ.ஆர். பதிவில் கையெழுத்திடுபவரும் அதே வகுப்பைக் கேட்டிருந்தால் நள்ளிரவில் செவிலியர் எடுத்துச் சொல்ல வேண்டியது பாதியாகக் குறையும். இரண்டாம் நாள் சட்ட அமர்வுக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஓர் அலுவலரை அழைக்கும்படி கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த முறை பதிவு செய்பவர்கள் அது நடக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.