லுணுகங்கவில் தங்கப் போகிறவர்களுக்கு: எது வீட்டின் வயது, எது நடத்துபவர் பிழை

கொழும்பிலிருந்து வார இறுதிக்குப் பழைய பங்களா ஹோட்டல்களுக்குப் போய் வருபவர்கள் சொல்லும் குறைகளில் பாதி, வீட்டின் வயதைப் பற்றியவை. மற்றப் பாதிதான் நடத்துபவர்களின் பிழை. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் அறை பதிவு செய்தால் காசும் போகும், மனமும் கெடும். பெந்தோட்டைப் பக்கம் இப்படித் தங்குமிடங்கள் பல உண்டு. அவற்றை அளக்க நல்ல அளவுகோல் தெதுவ ஏரிக்கரையில் இருக்கும் லுணுகங்க.

கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் வார இறுதி வீடு இது. கறுவாத் தோட்டமாக இருந்து பிறகு றப்பர் தோட்டமாக மாறிய காணியை 1948இல் வாங்கினார். அப்போது அவர் சட்டத்தரணி. கட்டடக்கலைத் தகைமை பெற்றதே 1957இல்தான். ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டை நாடாளுமன்றக் கட்டடமும் பெய்ர ஏரியில் மிதப்பதுபோல் நிற்கும் சீமமாலகய விகாரையும் அவர் கைவேலை என்றால் கொழும்பு ஆட்களுக்கு ஆள் யாரென்று பிடிபடும். 2003இல் காலமாகும்வரை இந்தத் தோட்டத்தை வெட்டியும் உயர்த்தியும் மாற்றிக்கொண்டே இருந்தார். வீட்டுக்கும் கறுவா மேட்டுக்கும் இடையில் ஊர் றோட்டு ஒன்று போகிறது. அதைப் பள்ளத்தில் மறைத்துவிட்டதால் புல்வெளியில் நிற்பவருக்கு றோட்டு தெரியாது. மோட்டார் சைக்கிள் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வரும், திகைக்க வேண்டாம். ஏரியைப் பார்த்த மேல் முற்றத்தில் நிற்கும் அரலிய (ஈழத்தலரி) மரக் கிளைகள் பாரம் கட்டித் தொங்கவிட்டு வளைத்தெடுத்தவை. தோட்டத்தில் அங்கங்கே மணிகள் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் வேறு ஓசை. பாவா எங்கே இருந்து கூப்பிடுகிறார் என்பது வேலையாட்களுக்கு அதை வைத்தே தெரிந்துவிடும்.

இங்கே இரவு தங்கக் கொடுக்கும் காசு கட்டிலுக்கல்ல, நேரத்துக்கு. பகலில் தோட்டம் பார்க்க வெளியாட்கள் குழுவாக வருவார்கள். அந்த வேளையில் உங்கள் அறை வாசலில் நின்று யாராவது படம் எடுத்தால் கோபப்பட்டுப் பயனில்லை. விடியற்காலையும் பொழுதுபட்ட பிறகும் தோட்டம் தங்குபவர்களுக்கு மட்டும். ஆகவே பிற்பகல் இரண்டு மணிக்கே போய்ச் சேருங்கள். மாலை ஏழுக்குப் போய் மறுநாள் காலை பத்துக்குத் திரும்புவதென்றால், ஒரு பகல் சுற்றுக்கு நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்த்துவிட்டு வேறெங்காவது மலிவாகத் தங்கலாம்.

அறைகள் ஒரே கூரையின் கீழ் இல்லை. கறுவா மேட்டில் உள்ள வீடு பிரதான வீட்டிலிருந்து தள்ளி இருக்கிறது. தனிமைக்கு அதை விஞ்ச ஒன்றுமில்லை, ஆனால் இரவுச் சாப்பாட்டுக்கு இருட்டில் நடக்க வேண்டும். கண்ணாடி வீடு படங்களில் அதிகம் தெரிவது. மேல் தளம், சுற்றிலும் மரம், சுவருக்குப் பதில் கண்ணாடி. முழங்கால் நோவு உள்ள பெரியவர்களுக்கும், வெளிச்சம் பட்டால் தூங்க முடியாதவர்களுக்கும் அது சரிவராது. கலைக்கூடமாக மாற்றிய பழைய மாட்டுத் தொழுவமும் அறைகளுள் ஒன்று. குழுவாகப் போகிறவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது பத்திக் (batik) துணிக் கலைஞர் ஈனா டி சில்வாவின் வீட்டை. பாவா 1960களின் தொடக்கத்தில் கொள்ளுப்பிட்டி அல்பிரட் பிளேசில் நடுமுற்றம் வைத்துக் கட்டியது அது. 2009இல் ஓடு, தூண், கல் எல்லாவற்றையும் இலக்கமிட்டுக் கழற்றத் தொடங்கி, இங்கே கொண்டுவந்து சில வருடங்களில் மீண்டும் பொருத்தினார்கள். கொழும்பில் காணாமற்போன ஒரு வீட்டுக்குள் படுக்க பெந்தோட்டை வரை போகவேண்டியிருப்பது நம் நகரத்தின் இலட்சணம்.

இனி, இந்த வட்டாரத்துப் பழைய வீட்டு ஹோட்டல் எதற்கும் பொருந்தும் விஷயங்கள்.

கூரையைக் கேளுங்கள். அரைவட்டச் சிங்கள ஓடு மட்டும் வேய்ந்த கூரை, கடும் மழையோடு காற்றும் சேர்ந்தால் ஒழுகும். பாவா தன் கட்டடங்களில் நெளி சீமெந்துத் தகட்டின் மேல் அந்த ஓட்டைப் பதித்ததற்குக் காரணம் அதுதான்: ஒழுக்கைத் தகடு நிறுத்தும், வெயிலை ஓடு தாங்கும். ஓட்டின் மேல் இரவில் மரநாய் ஓடுவது வீட்டின் வயது, முறைப்பாட்டுக்குரியதல்ல. பீலியில் இலை அடைத்துத் தண்ணீர் சுவரில் இறங்குவது பராமரிப்புக் குறை, தாராளமாகச் சொல்லலாம்.

ஈர வாடையும் அப்படியே. கபுக் கல்லும் (செம்புரைக்கல்) சுண்ணாம்பும் கொண்ட பழைய சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடும். அதன்மேல் சீமெந்து பூசி பிளாஸ்டிக் பெயின்ற் அடித்தால் ஈரம் உள்ளே சிக்கி, அடிச்சுவரில் கொப்புளம் கொப்புளமாக உரியும். அறைக்குள் போனதும் அலுமாரியைத் திறந்து மணந்து பாருங்கள். மெத்தையின் சுவர்ப்பக்க ஓரத்தில் கை வைத்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பெட்டியைத் திறக்கும் முன்பே வேறு அறை கேளுங்கள். உடுப்பைத் தொங்கவிட்ட பிறகு கேட்டால் யாரும் அசைய மாட்டார்கள்.

ஏசி இருக்கிறதா என்பதைவிட, அறைக்கு மூடிய சீலிங் இருக்கிறதா என்பதே சரியான கேள்வி. சுவருக்கும் கூரைக்கும் இடையில் காற்றுக்கு விட்ட இடைவெளி இருந்தால் ஏசி இரவு முழுக்க ஓடியும் குளிராது. அப்படியான அறையில் மின்விசிறியும் நல்ல நுளம்பு வலையும் போதும். ஒற்றைக் கொக்கியில் குடைபோல் தொங்கும் வலை பார்வைக்கு அழகு. தூக்கத்தில் கை அதில் படும், நுளம்பு வலைக்கு வெளியே நின்றே குத்தும். நாலு மூலையிலும் கட்டி மெத்தைக்கு அடியில் செருகும் வலைதான் உதவும்.

சூரிய ஹீற்றர் உள்ள இடங்களில் இரண்டு நாள் தொடர் மழைக்குப் பிறகு சுடுநீர் வராது. உடனடியாகச் சூடாக்கும் கருவி என்றால், மாலையில் ஊரில் கரண்ட் அழுத்தம் இறங்கும்போது வெதுவெதுப்போடு நின்றுவிடும். இரண்டையும் பதிவுக்கு முன் தொலைபேசியில் கேட்டுவிடலாம். கரண்ட் போனால் ஜெனரேட்டர் அறைகளுக்கும் வேலை செய்யுமா, வெறும் குசினிக்கும் வரவேற்பறைக்கும்தானா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

நம் ஆட்கள் அதிகம் ஏமாறும் இடம் சாப்பாடு. சைவம் என்று சொன்னால் இறைச்சியும் மீனும் வராது, மாசிக் கருவாடு வரும். தேங்காய்ச் சம்பலில் இடித்திருக்கும், மல்லுமில் (கீரைச் சுண்டலில்) தூவியிருக்கும், சில குசினிகளில் பருப்பைத் தாளிக்கும்போதே போட்டிருப்பார்கள். சமையற்காரருக்கு அது வாசனைச் சாமான், மீன் அல்ல. ஆகவே 'மாசி, முட்டை இரண்டும் வேண்டாம். சம்பலைத் தனியாக இடியுங்கள்' என்று பொருளைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். முதல் நாளே சொல்லுங்கள், ஏனென்றால் சின்னக் குசினிகளில் சந்தைச் சாமான் ஆள் எண்ணிக்கைக்கு அளந்துதான் வாங்கப்படும். காலையில் இடியப்பம், சொதி, கிழங்குப் பால்கறி கேட்டு வாங்குவது புத்தி. வெள்ளைக்காரக் காலைச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் காசில் ரோஸ்ற் பாணும் பழத் துண்டும்தான் வந்து சேரும்.

பில் விஷயத்தில் விலைக்குப் பின்னால் இருக்கும் 'பிளஸ் பிளஸ்' அடையாளத்தைக் கவனியுங்கள். அறை 40,000 ரூபா என்றால் 10% சேவைக் கட்டணத்தோடு 44,000. அதன்மேல் 18% வற் வரி போட 51,920. 2.5% சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியையும் வாடிக்கையாளர் தலையில் வைக்கும் இடங்களில் 53,000ஐத் தாண்டும். 'எல்லாம் சேர்த்து எவ்வளவு' என்று எழுத்தில் வாங்குவது நல்லது. உள்ளூர்வாசிகளுக்குத் தனி விலை வைத்திருக்கும் ஹோட்டல்கள் பல. இணையத் தளங்களில் அது தெரியாது. நேரே அழைத்துக் கேட்டால்தான் சொல்வார்கள், போகும்போது தேசிய அடையாள அட்டையும் காட்ட வேண்டிவரும். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் பெயரில் பதிவு செய்தால் அந்த விலை பெரும்பாலும் கிடைக்காது. சாரதியோடு போகிறவர்கள் அவருக்குப் படுக்கையும் சாப்பாடும் உண்டா என்று முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

போக்குவரத்தில் சிக்கல் குறைவு. கொட்டாவவில் அதிவேகப் பாதையில் ஏறி வெலிப்பென்னவில் இறங்கவேண்டும். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாவ போய்ச் சேரத்தான் பொறுமை வேண்டும், வெள்ளிக்கிழமை மாலையில் இன்னும் கூட. ரயிலில் போனால் பெந்தோட்டைக்கு அல்லாமல் அளுத்கமவுக்கு ரிக்கற் எடுங்கள். விரைவு ரயில்கள் அங்கேதான் பெரும்பாலும் நிற்கும், ஓட்டோவும் தாராளம். கடல் பார்க்க வேண்டுமானால் போகும்போது வலப்பக்கம்.

மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவமழை; தோட்டத்துக்காகவே போகும் இடத்தில் அது பெரிய இழப்பு, விலை குறைந்தாலும். நனைந்த புல்லில் அட்டை இருக்கும், உப்பும் நீளக் காலுறையும் கொண்டு போங்கள். ஏரிக்கரைக்கும் படிகளுக்கும் வேலி இல்லாத இடங்களில் நடக்கப் பழகும் குழந்தையை ஒரு நொடியும் விடமுடியாது. இப்படிப்பட்ட ஹோட்டல்களில் சில, குறிப்பிட்ட வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை ஏற்பதில்லை. முற்பணம் கட்டுமுன் வயதைச் சொல்லிவிடுங்கள். பௌர்ணமி விடுமுறையில் மது விற்கமாட்டார்கள். அது தேவைப்படுகிறவர்கள் நாட்காட்டியைப் பார்த்துவிட்டுத் திகதி கொடுக்கட்டும்.