பழைய எம்ஜிபி காருக்கு எந்த ஸ்டார்ட்டர்? லூகாஸ் அசலும் ரிடக்‌ஷன் கியர் மோட்டாரும்

1962 முதல் 1967 வரை வெளிவந்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில், எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் மோட்டாராக லூகாஸ் எம்418ஜி என்ற பெண்டிக்ஸ் வகை ஸ்டார்ட்டர் இருந்தது. மோட்டார் சட்டென்று சுழலத் தொடங்கும்போது, அதன் தண்டிலுள்ள பினியன் என்ற சிறு பல்சக்கரம் தன் நிலைமத்தால் பின்தங்கி, தண்டின் புரி வழியே நகர்ந்து, எஞ்சினோடு சுழலும் ஃபிளைவீலின் விளிம்பிலுள்ள பல்வளையமான ரிங் கியரில் மோதிப் பற்றிக்கொள்கிறது. எஞ்சின் பிடித்ததும் ரிங் கியரின் வேகமே பினியனை விலக்கிவிடும். அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் எம்ஜிபி எஞ்சினின் அதே பி-சீரிஸ் குடும்பம் என்பதால், அந்த மோதலின் ஓசை நம்மூர்க்காரர்களுக்கும் பழக்கமானதே.

இந்த அமைப்பின் உண்மையான குறை ஓசையன்று. குளிர்ந்த எஞ்சினில் ஒரு சிலிண்டர் மட்டும் ஒருமுறை வெடித்து அடங்கினால்கூடப் பினியன் வெளியே எறியப்படுகிறது, மோட்டார் முழுதாக நிற்கும்வரை காத்திருந்துதான் மறுபடி முயல வேண்டியிருக்கிறது. புதிய ரிடக்‌ஷன் கியர் ஸ்டார்ட்டரில் சொலினாய்டு என்ற மின்காந்த சுவிட்ச் முதலில் பினியனைப் பல்லில் பொருத்திய பிறகே மோட்டாருக்கு முழு மின்சாரம் செல்கிறது. ஒருவழிக் கிளட்ச் இருப்பதால் சாவியை விடும்வரை பிடி விலகுவதில்லை. தவிர, சிறிய மோட்டார் மிகுந்த வேகத்தில் சுழன்று, பல்சக்கரங்களின் வழியே அந்த வேகத்தைத் திருகுவிசையாக மாற்றுகிறது. கிறைஸ்லர் 1962-லேயே 3.5:1 விகிதத்தில் செய்துகாட்டிய ஏற்பாடுதான் இது.

ஒப்பீட்டுச் சோதனை நேர்மையாக இருக்க வேண்டுமானால், ஒரே பேட்டரி, ஒரே எஞ்சின் வெப்பநிலை, ஒரே எண்ணெய் ஆகியவற்றோடு, கேபிள்களும் எர்த் பட்டையும் சுத்தமாக்கப்பட்ட பிறகே முதல் அளவை எடுக்க வேண்டும். இந்தக் காரில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கைகளுக்குப் பின்னால் இருப்பதால் கேபிள் நீளம் மிக அதிகம். துருப்பிடித்த ஓர் இணைப்பே ஒரு வோல்ட்டை விழுங்கிவிடும். புதிய மோட்டாரைப் பூட்டும்போது இணைப்புகளையும் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு, கிடைத்த முன்னேற்றம் முழுவதையும் மோட்டாரின் கணக்கில் எழுதுவோர் பலர். பற்றவைப்புக் காயிலைத் துண்டித்துவிட்டு எஞ்சினைச் சுழற்றி, பேட்டரி முனையில் வோல்ட்டேஜ், கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர், எஞ்சின் சுழலும் வேகம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் குறித்தால்தான் வேறுபாடு தெரியும். பழைய மோட்டார் சுழலாமல் இறுகி நிற்கும் தருணத்தில் 400 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அப்போது சரியும் வோல்ட்டேஜ் தீப்பொறியையும் மங்கச் செய்கிறது. ரிடக்‌ஷன் கியர் வகை குறைந்த மின்சாரத்திலேயே அதே வேலையைச் செய்வதால், அதன் பெரிய ஆதாயம் வேகத்தைவிடத் தீப்பொறியில்தான் என்பது என் கருத்து.

வாங்குமுன் பார்க்க வேண்டியது எர்த் முறை. இந்தக் கார்கள் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை காரின் உடலோடு இணைந்திருக்கும். லூகாஸ் மோட்டாரில் காந்தப்புலம் உண்டாக்கும் கம்பிச்சுருளான ஃபீல்டு சுற்றும், சுழலும் பகுதியான ஆர்மேச்சரும் தொடராக இணைந்திருப்பதால் முனைகளை மாற்றினாலும் சுழலும் திசை மாறாது. நிரந்தரக் காந்தம் வைத்த புதிய வகையோ எதிர்த்திசையில் சுழலும். எனவே ஃபீல்டு சுற்று உள்ள மாதிரியைக் கேட்டு வாங்க வேண்டும், இல்லையேல் காரையே நெகட்டிவ் எர்த்துக்கு மாற்ற வேண்டும். ரிங் கியரின் பல் எண்ணிக்கையும், பினியன் நுழையும் பக்கத்தில் பல்முனைகள் சரிவாகச் சீவப்பட்டிருக்கின்றனவா என்பதும் ஒத்துப்போக வேண்டும்.

வயரிங்கில் ஒரு குறுக்குவழி பரவலாக உண்டு. பழைய ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் தரும் தனி சுவிட்சான பழைய சொலினாய்டிலிருந்து வரும் கேபிளையே மோட்டாரில் மாட்டி, அங்கிருந்து ஒரு சிறு கம்பியைப் புதிய சொலினாய்டுக்குக் கொடுப்பார்கள். நிரந்தரக் காந்த மோட்டார் சாவியை விட்ட பிறகும் சுழலும்போது தானே மின்சாரம் உண்டாக்கிச் சொலினாய்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் இது கூடாது. பேட்டரி கேபிளை நேரே மோட்டாருக்குக் கொண்டுவந்து, பழைய சொலினாய்டைப் புதிய சொலினாய்டை இயக்கும் ரிலேயாக மட்டும் பயன்படுத்துவது சரி. ஆனால் அந்தக் கேபிளில் எப்போதும் மின்சாரம் இருக்குமாதலால் உறை உரசாதபடி கட்ட வேண்டும்.

அசலுக்கும் ஒரு வாதம் உண்டு. மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ்ஷும் தண்டைத் தாங்கும் புஷ்ஷும் மாற்றி, பினியன் புரியை மண்ணெண்ணெயில் கழுவி, தூசி ஒட்டும் என்பதால் எண்ணெய் விடாமல் பூட்டினால் அது பல ஆண்டுகள் உழைக்கும். பினியன் சிக்கினாலும் தண்டின் சதுர முனையை ஸ்பேனரால் திருப்பி விடுவிக்கலாம். கண்காட்சிக்கு மட்டும் வெளியே வரும் காருக்கு அதுவே போதும். குளிர்நாட்டில் அன்றாடம் ஓடும் காருக்கு, ரிங் கியர் இன்னும் தேயாதிருக்கும்போதே ஃபீல்டு சுற்று கொண்ட ரிடக்‌ஷன் கியர் வகையைப் பூட்டிவிடுவேன்.