நான்கு ஐந்துகள்: டாரட்டில் எண் ஒன்றுதான், சிக்கல் நான்கு

டாரட் என்ற குறி சொல்லும் படச் சீட்டைப் பழக ஆரம்பிப்பவர்களுக்கு முதலில் கிடைப்பது ஒரு குறுக்கு வழி. 78 கார்டுகளில், கோல், கோப்பை, வாள், காசு என்ற நான்கு பிரிவுகளில் ஒன்று முதல் பத்து வரை எண் உள்ளவை 40. அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், எண்ணுக்கு ஒரு பொருள், பிரிவுக்கு ஒரு பொருள் தெரிந்தால் போதும், இரண்டையும் சேர்த்துப் படித்துவிடலாம் என்பார்கள். கோல் நெருப்பு: செயலும் வேகமும். கோப்பை நீர்: மனசும் உறவும். வாள் காற்று: யோசனை, பேச்சு, மோதல். காசு நிலம்: பணம், உடம்பு, வீடு. பெரும்பாலான எண்களுக்கு இது நன்றாகவே ஓடுகிறது. ஐந்துக்கு வரும்போதுதான் இடறுகிறது. "ஐந்தா, அப்படியென்றால் இழப்பு" என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். பிறகு எந்த ஐந்து வந்தாலும் கேட்க வந்தவரின் முகம் வாடிப்போகிறது. நான்கு ஐந்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவை இவ்வளவு ஒரே மாதிரி இல்லை என்பது தெரியும்.

எண் ஜோதிடம் தெரிந்தவர்கள் அதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட வேண்டும். அங்கே 5 புதனுடைய எண், வியாபாரத்துக்கு ஆகிவரும் எண். டாரட்டின் ஐந்துக்கு இருண்ட பெயர் வந்தது வேறு ஒரு கணக்கில்.

அந்தக் கணக்கு லண்டனில் பிறந்தது. 1888-ல் அங்கே தொடங்கப்பட்ட கோல்டன் டான் என்ற ரகசிய சங்கம், எண் கார்டுகளை யூத மறைஞான மரபான கபாலாவின் வாழ்வு மரத்தோடு பொருத்தியது. மரத்தில் பத்து நிலைகள். ஐந்தாவது கெபூரா: கண்டிப்பு, தண்டனை, செவ்வாயின் வேகம். ஆக ஐந்து கோலுக்குச் சச்சரவு, ஐந்து கோப்பைக்கு இன்பத்தில் இழப்பு, ஐந்து வாளுக்குத் தோல்வி, ஐந்து காசுக்குப் பொருள் கஷ்டம் என்று பெயர் வைத்தார்கள். பிற்பாடு ஆங்கிலேய மறைஞானி அலிஸ்டர் குரோலிக்காக ஃபிரீடா ஹாரிஸ் வரைந்த தோத் டாரட்டில் இந்த இருட்டு இன்னும் கூடியது. அதில் கோப்பை, வாள், காசு மூன்றின் ஐந்திலும் தலைகீழ் ஐந்து முனை நட்சத்திரம் இருக்கிறது.

ஆனால் அதற்கு முன்பே பிரான்சில் சீட்டுப் பார்த்துக் குறி சொன்னவர்களிடம் வேறொரு பட்டியல் புழங்கிவந்தது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எத்தெய்யா என்பவரோடு பரவிய மரபு அது. அதில் ஐந்து கோல் என்றால் பொன்னும் லாபமும். ஐந்து கோப்பை என்றால் கல்யாணம், பரம்பரைச் சொத்து. ஐந்து காசு என்றால் காதல். வாள் மட்டும்தான் அங்கேயும் துக்கம். கோல்டன் டானைத் தொடங்கியவர்களில் ஒருவரான மெக்கிரெகர் மேதர்ஸே, அதே 1888-ல் வெளியிட்ட சிறு கையேட்டில் இந்தப் பழைய பொருள்களைத்தான் அச்சிட்டார். வெளியே காதல் என்று விற்ற கார்டுக்குச் சங்கத்துக்குள்ளே கஷ்டம் என்று பெயர். ஐந்து என்றாலே இழப்பு என்பது தொன்றுதொட்டு வந்த உண்மை என்று யாராவது சொன்னால் இதை எடுத்துக் காட்டலாம்.

மார்சேய் டாரட் என்ற பழைய பிரெஞ்சுச் சீட்டைப் பிடித்துக்கொள்பவர்கள் மூன்றாவது அணி. அந்தச் சீட்டுகளில் எண் கார்டுகளுக்குக் கதைப் படம் கிடையாது. மூலைக்கு ஒன்றாக நான்கு காசு, நடுவில் ஐந்தாவது. வாளில் நான்கு வளைந்து நிற்க, ஐந்தாவது நடுவில் நேராக நிற்கிறது. நாலு பேர் சமமாக உட்கார்ந்திருந்த இடத்தில் ஐந்தாவதாக ஒருவர் வந்த மாதிரி. அதனால் இந்த அணியில் பலர் ஐந்தை நான்கின் கட்டுக்கோப்பிலிருந்து வெளியே போகும் பாலம் என்று படிக்கிறார்கள். நல்லதா கெட்டதா என்ற தீர்ப்பு அதில் இல்லை. எனக்கு இந்த வாசிப்பு பிடிக்கும். ஆனால் படமில்லாத சீட்டில் நான்கு பாலங்களும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரிவதுதான் சிரமம்.

அந்தக் குறையைத் தீர்ப்பது 1909-ல் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்ட சீட்டுக்கட்டு. ஆர்தர் எட்வர்ட் வெயிட் வடிவமைப்பைச் சொல்ல, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். இருவருமே கோல்டன் டானில் இருந்தவர்கள். எண் கார்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மனிதர்களும் சம்பவமும் உள்ள படங்களை அவர் போட்டார். இன்று நம் கையில் இருக்கும் பெரும்பாலான கட்டுகள் அதன் வழிவந்தவைதான். இதில் ஐந்தைப் படிக்க என் வழி எளிது: அதே பிரிவின் நான்கையும் ஆறையும் எடுத்து இரண்டு பக்கமும் வையுங்கள். எது கலைகிறது, எங்கே போய்ச் சேர்கிறது என்று இரண்டும் தெரிந்துவிடும்.

கோலில் ஆரம்பிக்கலாம். நான்கில் பூமாலை கட்டிய பந்தல், ஆறில் குதிரை மேல் வெற்றி ஊர்வலம். நடுவே ஐந்தில் ஐந்து இளைஞர்கள், ஐந்து நிறச் சட்டை, ஆளுக்கொரு கம்பு. யார் மேலும் அடி விழவில்லை, ரத்தம் இல்லை. வெயிட்டே இதைப் போலிச் சண்டை என்றுதான் எழுதுகிறார். நான்கு ஐந்துகளில் இலகுவானது இதுதான். போட்டி, இழுபறி, ஆளாளுக்கு ஒரு யோசனை. அவ்வளவுதான்.

கோப்பைக்கு நிதானமாக நேரம் கொடுக்க வேண்டும். நான்கில் மரத்தடி இளைஞன், நீட்டிய கோப்பையைக்கூட வேண்டாம் என்று கை கட்டி உட்கார்ந்திருக்கிறான். ஐந்தில் கறுப்புப் போர்வை போர்த்திய ஒருவர். முன்னால் மூன்று கோப்பைகள் கவிழ்ந்து கொட்டிக் கிடக்கின்றன. முதுகுக்குப் பின்னால் இரண்டு நிமிர்ந்து நிற்கின்றன. தூரத்தில் ஒரு நதி, அதன் மேல் ஒரு பாலம், அக்கரையில் கோட்டை. இரண்டு மிச்சம் என்று சொல்லி உடனே ஆறுதல்படுத்துவது இன்று வழக்கமாகிவிட்டது. வெயிட்டின் குறிப்பு அதைவிடக் கூர்மையானது: இழப்பு, ஆனால் ஏதோ மிஞ்சுகிறது. சொத்து வருகிறது, எதிர்பார்த்த அளவில் இல்லை. கல்யாணம் உண்டு, கசப்பும் உண்டு. பழைய பட்டியலின் கல்யாணத்தையும் பரம்பரைச் சொத்தையும் அவர் தூக்கிப்போடவில்லை, சங்கத்தின் இழப்போடு சேர்த்துத் தைத்துவிட்டார். இரண்டு மரபும் இதில் ஒட்டி நிற்கின்றன. அடுத்து வரும் ஆறு, பூ நிரம்பிய கோப்பையைச் சிறுவன் ஒருவன் சிறுமிக்குத் தரும் பழைய நினைவின் படம். அதனால் ஐந்து கோப்பை வந்தால் "என்ன போயிற்று" என்று முதலில் கேட்டு, சொல்ல விடுவேன். மிச்சத்தைப் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம்தான்.

காசில் இந்த ஒட்டு விட்டுப்போகிறது. பனி கொட்டும் இரவு. வெறுங்காலோடு ஒரு பெண், ஊன்றுகோலோடு ஒரு ஆண், அவன் கழுத்தில் மணி. மேலே விளக்கு எரியும் கண்ணாடி ஜன்னல், அதில்தான் ஐந்து காசுகளும். கதவு படத்தில் எங்கேயும் இல்லை. பக்கத்திலேயே உதவி இருக்கிறது, அவர்கள்தான் கவனிக்கவில்லை என்று பலர் படிக்கிறார்கள். கதவே வரையப்படாத சுவரைக் காட்டி வறுமையில் இருப்பவரைக் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. இங்கே வெயிட் பழைய காதல் பொருளையும் குறிப்பிட்டுவிட்டு, இரண்டையும் ஒத்துப்போக வைக்க முடியாது என்று கைவிடுகிறார். முன்னும் பின்னும் பாருங்கள்: நான்கில் காசைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருப்பவன், ஆறில் தராசு பிடித்துத் தானம் தரும் வணிகன், அவன் காலடியில் கையேந்தும் இரண்டு பேர். பணம் ஒரு கையில் தேங்கியதும் வெளியே நிற்பவர்களின் கதை இந்த ஐந்து.

நான்கு ஐந்துகளிலும் வாள்தான் கடினம். நான்கில் கல்லறை மேல் ஓய்ந்து கிடக்கும் வீரன். ஐந்தில் கிழிந்த மேகங்களுக்குக் கீழே மூன்று வாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் ஏளனமாகத் திரும்பிப் பார்க்கிறான். இரண்டு பேர் தலை குனிந்து விலகிப் போகிறார்கள். மற்ற மூன்றில் யாரும் யாரையும் அவமானப்படுத்தவில்லை, இதில் அதுதான் நடக்கிறது. கேட்பவர் இந்த மூவரில் யார் என்று தெரியாமல் இந்தக் கார்டைப் படிக்கவே முடியாது. ஆறு கோலில் ஊர்வலம் வந்தது. இங்கே ஆறாக வருவது தலை மூடிய பெண்ணையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு கரை மாறும் படகு.

ஒரே கேள்விக்கு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். "வேலை மாறலாமா?" என்று ஒருவர் கேட்கிறார். ஐந்து கோல் வந்தால், நேர்முகத்தில் போட்டி கடுமை, இறங்கிப் பார்க்கலாம். கோப்பை வந்தால், பழைய வேலை தந்த ஏமாற்றம் இன்னும் ஆறவில்லை, முடிவு அந்த வருத்தத்திலிருந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். காசு வந்தால், கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்பதுதான் முதல் பேச்சு. வாள் வந்தால், அலுவலகத்தில் யாரோடு என்ன நடந்தது என்று கேட்காமல் மேலே போகக் கூடாது.

தலைகீழாக வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இந்த எண்ணில் நிற்காது. வெயிட் எழுதிய விளக்க நூலின் பட்டியலில் தலைகீழ் கோல் வழக்கும் வில்லங்கமும், தலைகீழ் காசு குழப்பமும் சீரழிவும். கோப்பை மட்டும் திரும்புதலையும் உறவையும் சொல்கிறது. அதே நூலில் ஒரே எண் பல முறை வந்தால் என்ன பொருள் என்ற பட்டியலும் உண்டு. இரண்டு ஐந்து வந்தால் கண்விழிப்பு, மூன்று வந்தால் உறுதி, நான்கும் ஒரே விரிப்பில் வந்தால் ஒழுங்கு என்கிறது அது.