டீக்கலா, மாஸ்க்கா?

1944-இல் பிரான்ஸின் நார்மண்டியில் போரிட்ட அமெரிக்க ஷெர்மன் டாங்கியின் வெள்ளை நட்சத்திரம் பெயிண்டில் போட்டது. அதன் சிறு மாடலிலும் மாஸ்க் (நட்சத்திர வடிவம் வெட்டிய ஒட்டுத்தாள்) ஒட்டி ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தால் பெயிண்ட் தெளிக்கும் கருவி) அடித்தால்தான் அந்தத் தோற்றம் வரும். முதலில் அடிநிறத்தையே ஒரு பூச்சு அடித்து மாஸ்க்கின் ஓரத்தை அடைத்துவிடுங்கள். பிறகு வெள்ளையை மூன்று நான்கு மெல்லிய பூச்சாக அடியுங்கள். ஒரே தடவையில் நனைய அடித்தால் ஓரத்துக்கு அடியில் கசியும், நட்சத்திரத்தின் முனை மழுங்கிவிடும்.

1/35 அளவு மாடலில் பதிவு எண் போன்ற பொடி எழுத்துக்கு மட்டும் டீக்கல்தான் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் அச்சிட்ட மெல்லிய படலம்). மேட் (மினுக்கமற்ற) பரப்பில் நேராக ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளியாக மினுங்கும். பளபளப்பான கிளாஸ் (gloss) வார்னிஷ் அடித்து, அது காய்ந்தபின் ஒட்டி, டீக்கலைப் பரப்பில் படியவைக்கும் செட்டிங் திரவம் தடவி, மேட் வார்னிஷ்ஷில் முடியுங்கள்.

எதற்கும் முன்னால், அதே வண்டியின் புகைப்படத்தைத் தேடிப் பாருங்கள். எதிரி குறிவைக்க வசதியாகிறது என்று பல டாங்கிக் குழுவினர் நட்சத்திரத்தையே பூசி மறைத்திருக்கிறார்கள்.