லா பாஸ் போக எந்த வழி? முந்தின ராத்திரி எங்கே தூங்கினீர்கள்?

பொலிவியாவின் தலைநகர் சுக்ரே என்கிறது அரசியல் சாசனம். ஆனால் அரசும் நாடாளுமன்றமும் நடப்பது லா பாஸில். பயணிகள் போவதும் பெரும்பாலும் அங்கேதான். மற்ற ஊர்களுக்கு டிக்கெட் விலையையும் நேரத்தையும் வைத்து வழியைத் தேர்ந்தெடுக்கலாம். இங்கே முதலில் பார்க்க வேண்டியது உயரக் கணக்கு: படிப்படியாக ஏறினால் உடம்பு பழகும், ஒரேயடியாக ஏறினால் படுத்தும். நகரின் நடுப்பகுதியே கிட்டத்தட்ட 3,640 மீட்டரில் இருக்கிறது.

நேரத்தில் விமானத்தை எதுவும் மிஞ்சாது. பொலிவியாவின் இன்னொரு நகரமான சாண்டா குரூஸில் இறங்கி வேறு விமானம் பிடித்தால் ஒரு மணி நேரம்தான். சிக்கலும் அதில்தான். சாண்டா குரூஸ் சுமார் 400 மீட்டரில் இருக்கும் வெக்கை ஊர். இறங்குவதோ 4,061 மீட்டரில் உள்ள, லா பாஸுக்கான எல் ஆல்டோ விமான நிலையம். பறக்கும்போது கேபினுக்குள் காற்றழுத்தம் அதிகபட்சம் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பது போல வைத்திருப்பார்கள். எல் ஆல்டோவில் கதவைத் திறக்க வேண்டுமானால் அதையும் வெளிக்காற்றின் அளவுக்குக் குறைத்தாக வேண்டும். விமானம் கீழே இறங்கிக்கொண்டிருக்க, உங்கள் உடம்பு மட்டும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்! வெளியே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம். விமானத்துக்கே மூச்சு வாங்கும் ஊர் அது, அதனால்தான் ஓடுபாதை 4 கிலோமீட்டர் நீளம். பெட்டியைத் தூக்கி நாலு எட்டு வைத்ததும் நமக்கும் புரிந்துவிடும்.

பெருவின் தலைநகர் லீமாவிலிருந்து நேராகப் பறந்தாலும் இதே கதைதான். ஏற்கெனவே பெருவின் மலை நகரமான குஸ்கோவில் நாலைந்து நாள் இருந்தவர்கள் விமானத்தைத் தாராளமாக எடுக்கலாம்.

என் ஓட்டு பெருவின் புனோவிலிருந்து, டிட்டிகாக்கா ஏரிக்கரையில் இருக்கும் பொலிவிய ஊரான கோப்பகபானா வழியாக வரும் பஸ்ஸுக்கு. குஸ்கோ 3,400 மீட்டர், டிட்டிகாக்கா ஏரிக்கரை 3,800 மீட்டர். வழியில் நாலு ராத்திரி தூங்கி வந்தால், லா பாஸ் சேரும்போது நீங்கள் உண்மையில் கொஞ்சம் இறங்கி வந்திருப்பீர்கள். கசானி எல்லையில் இறங்கி, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, நடந்தே கடந்து, அந்தப் பக்கம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க மறந்தால் கோப்பகபானாவில் அடுத்த பஸ் போய்விட்டிருக்கும்.

அதற்கப்புறம் வருகிறது டிக்கினா நீரிணை. ஏரி இடுங்கி ஒரு கிலோமீட்டருக்கும் குறைவாக ஆகிற இடம். பாலம் கிடையாது. பயணிகள் எல்லாரும் இறங்கி, சில்லறைக் காசு கொடுத்து மோட்டார் படகில் ஏறுவார்கள். பஸ் மட்டும் தனியாக, பலகைகள் இடைவெளி விட்டுக் கிடக்கும் ஒரு தட்டையான மரத் தெப்பத்தில் ஏறும். சாமான் எல்லாம் அதில் இருக்க, அது ஆடி ஆடி வருவதை அக்கரையில் நின்று பார்ப்பது தனி அனுபவம். பாஸ்போர்ட்டையும் பணத்தையும் இருக்கையில் விடாமல் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நீரிணைக் கரையில் கண்ணில் படுவது பொலிவியக் கடற்படை முகாம். 1879-ல் தொடங்கிய போரில் கடற்கரையைச் சிலியிடம் இழந்த நாடு, கடற்படையை மட்டும் விடவில்லை.

தெப்பம் வேண்டாம் என்பவர்களுக்கு, பெருவிலிருந்து வரும் இன்னொரு வழியான தேசகுவாதேரோ எல்லை. ஆற்றுப்பாலத்தைக் கடந்தால் நேர் சாலை, லாரி நெரிசல், சந்தைக் கூச்சல். காட்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கோப்பகபானா பக்கம் சாலை மறியல் என்றால் இது கைகொடுக்கும்.

சிலியின் அரிக்காவிலிருந்து வரும் பஸ்தான் அழகில் முதலிடம். லவுக்கா தேசியப் பூங்கா, சுங்கரா ஏரி, அதன் பின்னால் வெள்ளைத் தொப்பி போட்ட பரினக்கோட்டா எரிமலை. ஆனால் காலையில் கடற்கரையில் கிளம்பி, அதே பகலில் 4,600 மீட்டருக்கு மேலே எல்லைச் சாவடி வரிசையில் நிற்க வேண்டும். தலைவலி, குமட்டல் வந்தால் ஜன்னலுக்கு வெளியே யார் பார்ப்பது? உயரத்தால் வரும் இந்த உபாதைக்கு உள்ளூரில் சொரோச்சே என்று பெயர். 1913-ல் திறந்த அரிக்கா–லா பாஸ் ரயில் பாதையில் பயணிகள் ரயில் நின்று பல வருஷமாகிறது. இடையில் புத்ரேயில், சுமார் 3,500 மீட்டரில், இரண்டு ராத்திரி தங்க முடிந்தால் மட்டும் இந்த வழிக்குச் சரி சொல்வேன்.

சாண்டா குரூஸ் பஸ் ஒரு ராத்திரி முழுக்க ஓடியும் வந்து சேராது. அதையே இரண்டாக உடைத்து, 2,550 மீட்டரில் இருக்கும் கோச்சபம்பாவில் இரண்டு நாள் தங்கினால் விமானத்தைவிட உடம்புக்கு நல்லது. கிளம்பும் முன் பஸ் நிலையத்தில் "ப்ளொக்கேயோ" இருக்கிறதா என்று கேளுங்கள். சாலை மறியல் இந்த நாட்டில் அபூர்வம் இல்லை.

வேறு வழியில்லாமல் விமானத்தில்தான் வருகிறீர்கள் என்றால், நடு நகரில் அறை போடாதீர்கள். எல் ஆல்டோவிலிருந்து மஞ்சள் லைன் கேபிள் காரில் ஏறி, கடைசி நிலையத்தில் பச்சை லைனுக்கு மாறி, நகரின் தாழ்வான பகுதியான இர்ப்பாவி வரை போங்கள். செங்கல் வீடுகளின் கூரைகளுக்கு மேலே மிதந்தபடி 800 மீட்டருக்குக் கிட்ட இறங்கிவிடலாம். ராத்திரி மிதமாகச் சாப்பிட்டுவிட்டு, மதுவைத் தொடாமல் அங்கேயே தூங்குங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, நடை தள்ளாடினாலோ விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.