வாழ்க்கையை எழுதப் பழக: ‘என் சரித்திரம்’ முதலிலா, ‘கருக்கு’ முதலிலா?

சொந்த வாழ்க்கையை எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த இரண்டு புத்தகங்களைத்தான். பழந்தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரின் (உ.வே.சா.) ‘என் சரித்திரம்’ 1940இல் ஆனந்த விகடனில் தொடராகத் தொடங்கி, 1942இல் அவர் மறைந்ததால் பாதியில் நின்றது. தலித் எழுத்தாளர் பாமா தன் வாழ்க்கையை எழுதிய ‘கருக்கு’ 1992இல் வந்த சின்னப் புத்தகம்.

உ.வே.சா. காலவரிசை பிசகாமல் சொல்கிறார். பிறந்த ஊர், அப்பாவின் சங்கீதம், தமிழாசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம். தொடராக எழுதியதால் ஒவ்வொரு அத்தியாயத்தையும் தனிக் கட்டுரைபோலப் படிக்கலாம். 1880இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக (நீதிபதியாக) வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்குகிறார். முதலியார் அசரவே இல்லை. பழைய காப்பியமான சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். அதே சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தவர், முதுமையில் உட்கார்ந்து இதை எழுதுகிறார். ஆனாலும் 25 வயதுப் பையனின் பெருமையையும் அது அடிபட்டதையும் அப்படியே விட்டுவைக்கிறார்.

‘கருக்கு’ காலவரிசையைப் பொருட்படுத்துவதில்லை. ஒரே வாழ்க்கைக்குள் திரும்பத் திரும்ப வேறு வேறு வாசல் வழியாக நுழைகிறது. பள்ளிவிட்டு வரும் சிறுமி, தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தை நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கிறாள். சிரிப்பாக வருகிறது. அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள், அண்ணன் சிரிக்கவில்லை. தொட்டால் தீட்டு, அதனால்தான் அப்படித் தூக்கிப் போனார் என்று விளக்குகிறான். அதுவரை நாமும் அவளோடு சேர்ந்து சிரித்திருக்கிறோம். விளக்கத்தை முதலில் வைத்திருந்தால் இது வெறும் தகவலாகப் போயிருக்கும்.

பின்னால் தெரிந்துகொண்டதை முன்னாலேயே சொல்லிவிடாத கட்டுப்பாடு இரண்டு பேரிடமும் இருக்கிறது. புதிதாக எழுதுகிறவர்களுக்கு இதுதான் கடினம். அதைச் சட்டென்று கண்ணில் காட்டுவது ‘கருக்கு’. உ.வே.சா.விடம் அது பல பக்கங்களில் மெல்லப் பரவியிருக்கும், கவனித்துப் படித்தால்தான் பிடிபடும். அதனால் என் ஓட்டு முதலில் ‘கருக்கு’க்கு.

ஒரு விஷயம். பாமாவின் பேச்சுமொழியை நகல் எடுக்காதீர்கள். அது அவருடைய ஊர்ப் பேச்சு. நீங்கள் உங்கள் வீட்டுப் பேச்சைத் தேடுங்கள். மனிதர்களை நீளமாக, பொறுமையாக வரைய வேண்டும் என்ற கட்டம் வரும்போது அப்புறம் ‘என் சரித்திரம்’ எடுங்கள். ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றிய அத்தியாயங்களிலிருந்து தொடங்கினாலும் போதும்.