புத்தம் புது ஹார்ட் டிஸ்க் என்று சொல்லி 27,000 மணித்தியாலம் ஓடியதைத் தந்தார்கள்: மலையகத்தில் சேர்வர் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

ஹட்டன், நுவரெலியா, கண்டி, பதுளைப் பக்கம் ஏதாவது ஒரு சங்கத்திலோ, தொழிற்சாலை ஒபிசிலோ, கிளினிக்கிலோ ஒரு சேர்வரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்கள் தலையில் இருந்தால் இதைக் கடைசி வரை வாசியுங்கள். நீளமாகத்தான் இருக்கும். கடையின் பெயரை இங்கே போடவில்லை, முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அது நடந்து முடியட்டும். ஆனால் இதே மாதிரி டிஸ்க் வேறு கடைகளிலும் இருக்கலாம், அதனால் பெயரைவிட என்ன நடந்தது என்பதுதான் உங்களுக்கு உதவும்.

நான் வேலை செய்வது ஹட்டன் பக்கம் ஒரு சிறிய சிக்கனக் கடன் சங்கத்தில். அங்கத்தவர்களில் பெரும்பாலானவர்கள் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள். அவர்களுடைய சேமிப்பு, கடன், அடையாள அட்டை நம்பர், பிணை நின்றவர்களின் விபரம் எல்லாமே ஒரே ஒரு டெல் பவர்எட்ஜ் ஆர்730 சேர்வரில் இருக்கிறது. அதில் 4 டெராபைட் டிஸ்க் நான்கு, ரெய்ட் 5 முறையில். அதாவது ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காது, மற்ற மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டு இல்லாததை அது உண்டாக்கிக்கொள்ளும். ஆனால் அந்த நிலைமையில் இன்னொன்று போனால் எல்லாமே போய்விடும். ஆகவே ஒரு டிஸ்க்கின் லைட் மஞ்சளாக மின்ன ஆரம்பித்ததும் முதல் வேலையாக முழு பெக்கப் ஒன்றை வெளியே இன்னொரு டிஸ்க்குக்கு எடுத்து, அதைத் திறந்து பார்த்து, அதற்குப் பிறகுதான் கடைக்குப் போன் எடுத்தேன்.

கடை முதலாளி முதலில் சாதாரண வீட்டுக் கொம்பியூட்டருக்குப் போடும் டிஸ்க் ஒன்றைத்தான் தரப் பார்த்தார். "4 டெராபைட் என்றால் 4 டெராபைட்தானே தம்பி, எல்லாம் ஒன்றுதான், இது விலையும் குறைவு" என்றார். ஒன்றில்லை. மலிவான பெரிய டிஸ்க்குகள் பலவற்றில் எஸ்எம்ஆர் என்ற முறை இருக்கிறது, லயத்துக் கூரையில் தகரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பது போல எழுதும் தடங்கள் ஒன்றின் ஓரத்தில் ஒன்று ஏறியிருக்கும், அதனால் ஒரு இடத்தைத் திருத்த அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டிவரும். ரெய்டில் புது டிஸ்க்கை நிரப்பும்போது தொடர்ந்து மணிக்கணக்கில் எழுத வேண்டும், அங்கே இது தவழ ஆரம்பித்துவிடும். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பனியே தன்னுடைய ரெட் வகை டிஸ்க்குகள் சிலவற்றில் இந்த முறை இருப்பதை ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. இன்னொன்று, வீட்டு டிஸ்க் ஒரு இடத்தை வாசிக்க முடியாவிட்டால் விடாமல் முயற்சி செய்துகொண்டே இருக்கும், சேர்வர் டிஸ்க் சில வினாடிகளில் கைவிட்டுத் தகவல் சொல்லிவிடும். சேர்வருக்குள் டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் ரெய்ட் கார்டுக்குப் பொறுமை கிடையாது, பதில் வராத டிஸ்க்கைச் செத்ததாகக் கணக்கெடுத்துத் தள்ளிவிடும். இதையெல்லாம் போனிலேயே சொன்னேன். சரி, சேர்வருக்கென்றே சீகேட் கம்பனி செய்யும் எக்ஸோஸ் டிஸ்க்தான் வேண்டும் என்றால் புத்தம் புதுசு இருக்கிறது, அறுபதாயிரத்துக்குக் கிட்ட வரும், பொடியனையும் அனுப்பிப் பூட்டித் தருகிறேன் என்றார். நமக்கும் அவசரம். மூன்று டிஸ்க்கில் நிற்கும் சேர்வரை வைத்துக்கொண்டு யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

வந்த பொடியன் நல்லவன்தான், அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் அவனுக்கு யாரும் ஒழுங்காகப் பழக்கவில்லை. சேர்வரின் நிர்வாகப் பக்கத்தில் பழுதான டிஸ்க் 2ஆம் இடம் என்று காட்டியது. அவன் ஓரத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணி அடுத்த டிஸ்க்கின் பிடியில் கைவைத்தான். டெல்லில் இடங்கள் 0இலிருந்து ஆரம்பிக்கும்! அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்த நல்ல டிஸ்க்கை இழுத்திருந்தால் அந்த நிமிடத்திலேயே கவுண்டர் இரண்டும் நின்றிருக்கும், வெளியே கடனுக்கு வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பியிருப்பார்கள். நிர்வாகப் பக்கத்திலேயே குறிப்பிட்ட டிஸ்க்கின் லைட்டை மின்ன வைக்கும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுக் காட்டிய பிறகுதான் சரியானதை இழுத்தான். யார் வந்தாலும் இந்த லைட்டை மின்ன வைக்காமல் எதையும் தொட விடாதீர்கள்.

புது டிஸ்க்கை உறையிலிருந்து எடுத்ததும் எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. வெள்ளி நிற உறை ஒட்டியிருந்தது சாதாரண செலோடேப்பால். டிஸ்க்கின் பக்கவாட்டில் திருகாணி போகும் துளைகளைச் சுற்றி மங்கலான வட்டத் தேய்வு, ஏற்கனவே எங்கோ ஒரு ட்ரேயில் இறுக்கிக் கழற்றிய தடம். இணைப்பியின் தங்க நிறப் பற்களில் மெல்லிய கீறல்கள். கேட்டேன். "அண்ணே, கடையில் டெஸ்ட் பண்ணித்தான் அனுப்புவோம், அந்தக் கீறல்தான்" என்றான். உள்ளே இருக்கும் ஓடிய நேரக் கணக்கைப் பார்த்தால் பத்துப் பதினொரு மணித்தியாலம்தான் காட்டியது, அவன் சொல்வதோடு அது ஒத்துப்போனது. பில்லில் சீரியல் நம்பரை எழுதச் சொன்னேன், எழுதிக் கையெழுத்தும் போட்டான். அந்த ஒரு வரிதான் இன்று எங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.

பழைய டிஸ்க்கைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டான். எதற்கு என்று கேட்டதும் கம்பனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றான். முதலாளிக்குப் போன் எடுத்தால் அவர் வேறு கதை சொல்கிறார், எக்ஸ்சேஞ்ச் விலை போட்டுத்தான் பில் போட்டேன், டிஸ்க் வேண்டுமென்றால் மேலே காசு கட்டுங்கள் என்று. நாங்கள் எக்ஸ்சேஞ்ச் கேட்கவே இல்லை. செயலாளரோடு பேசிக் காசைக் கட்டி டிஸ்க்கைத் திரும்ப வாங்கினோம், அதில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை. ரெய்டில் ஒரு டிஸ்க்கை மட்டும் கொண்டுபோனால் ஒன்றும் வாசிக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். ரெய்ட் தரவைத் துண்டு துண்டாக்கித்தான் டிஸ்க்குகளுக்குப் பிரித்து எழுதும், இந்த ரெய்ட் கார்ட் தானாக எடுத்துக்கொள்ளும் துண்டின் அளவு 64 கிலோபைட். ஒரு துண்டுக்குள் நூற்றுக்கணக்கான ஆட்களின் பெயரும் அடையாள அட்டை நம்பரும் சேமிப்புத் தொகையும் வரிவரியாக அப்படியே கிடக்கும். பழுதானது என்று சொல்லப்படும் டிஸ்க் பெரும்பாலும் முழுதாகச் சாவதில்லை, சில இடங்கள் மட்டும் கெட்டிருக்கும், மீதியை யாரும் வாசிக்கலாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியிருக்கிறது, ஆனால் சட்டம் வந்ததற்காக இல்லை, நம்மை நம்பி விரல் அடையாளம் வைத்துக் கொடுத்த மனிதர்களுக்காக அந்த டிஸ்க்கை வெளியே விடக்கூடாது.

புதியது நிரம்பி முடிய ஒரு இரவு போயிற்று. கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடியது. அப்புறம் சேர்வர் பதிவில் வாசிப்புப் பிழைகள் வர ஆரம்பித்தன, பிறகு இந்த டிஸ்க் சீக்கிரம் பழுதாகலாம் என்ற எச்சரிக்கை. கடைக்குச் சொன்னால் முதலாளியின் பதில் இது: "தம்பி, ஹட்டன் குளிரும் ஈரமும் ஹார்ட் டிஸ்க்குக்கு ஆகாது, கரண்டும் அங்கே ஏறி இறங்குது, இதுக்கு வாரண்டி குடுக்க ஏலாது." மலைநாட்டுக்காரர்களிடம் இந்தக் குளிர்க் கதையை எத்தனை காலத்துக்குச் சொல்வார்கள்? எக்ஸோஸ் டிஸ்க் 5 பாகை செல்சியஸ் முதல் 60 பாகை வரை வேலை செய்யும்படி செய்யப்பட்டது. எங்கள் சேர்வர் அறைக்கு ஜன்னலே கிடையாது, யூபிஎஸ் உண்டு, அதே அறையில் அதே கரண்டில் மற்ற மூன்று டிஸ்க்கும் வருடக்கணக்காக ஓடுகின்றன.

கொழும்பில் வேறொருவரிடம் ஒரு டிஸ்க் வாங்கினேன். இந்த முறை காசு கொடுக்கும் முன்னாலேயே சீரியல் நம்பரை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, சீகேட் இணையதளத்தில் வாரண்டி பக்கத்தில் போட்டுப் பார்த்தேன், ஐந்து வருட வாரண்டி ஓடிக்கொண்டிருந்தது. திரும்பவும் பெக்கப், திரும்பவும் மாற்றம். கழற்றிய டிஸ்க்கைச் சாதாரண கொம்பியூட்டரில் பூட்டி ஃபார்ம் பதிவை எடுத்தேன். சீகேட் டிஸ்க் தன் வாழ்நாள் கணக்கை வழக்கமான கணக்குக்கு வெளியே இன்னொரு இடத்திலும் எழுதிக்கொள்ளும், அதற்குத்தான் ஃபார்ம் என்று பெயர். ஸ்மார்ட்மொன்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளின் 7.4 பதிப்பிலிருந்து அதை வாசிக்கலாம். வழக்கமான கணக்கை அழித்துப் பூச்சியமாக்குகிறவர்கள் பல நேரம் இதைத் தொடுவதில்லை.

வந்தது 27,400 மணித்தியாலம். மூன்று வருடத்துக்கு மேல் இரவு பகலாக ஓடியது. வாழ்நாளில் ஏறிய ஆகக் கூடிய வெப்பம் 57 பாகை என்றும் இருந்தது, எங்கள் அறையில் எந்த டிஸ்க்கும் 40ஐத் தாண்டியதே இல்லை. சீகேட் பக்கத்தில் அதன் சீரியலைப் போட்டால், வேறு கம்பனிக்கு உதிரிப்பாகமாக விற்றது, எங்கள் வாரண்டி இதற்கு இல்லை என்கிறது. எங்கோ வெப்பமான இடத்தில் உழைத்துக் களைத்த டிஸ்க்கின் கணக்கை அழித்து, உறையில் போட்டு, புதுசு என்று ஏழைகளின் சங்கத்துக்கு விற்றிருக்கிறார்கள்.

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதில்லை. 2025 ஜனவரியில் ஜெர்மனியில் இதேபோலப் பழைய எக்ஸோஸ் டிஸ்க்குகளைப் புதுசு என்று விற்றது அம்பலமானது, அங்கேயும் வழக்கமான கணக்கு பூச்சியம், ஃபார்ம் கணக்கில் ஆயிரக்கணக்கான மணித்தியாலங்கள். சியா என்ற கிரிப்டோ நாணயம் தோண்டப் பயன்பட்டவை என்று பெரிதும் சந்தேகப்பட்டார்கள். அந்த மாதிரிச் சரக்கு எங்கெங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்த விபரங்களின் படங்களோடு முதலாளியிடம் பேசினோம். எனக்கும் அப்படித்தான் வந்தது, இறக்குமதி செய்தவரைக் கேளுங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காசு வாங்கியது அவர், பில் கொடுத்தது அவர், புதுசு என்று எழுதியதும் அவர். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு அனுப்பியிருக்கிறோம், பில், சீரியல் வரி, ஃபார்ம் பதிவின் பிரதி எல்லாம் சேர்த்து. அதற்கு வழிசெய்வது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், போனில் கேட்க 1977. தாமதிக்காமல் கொடுங்கள், வாங்கிய பிறகு மாதக்கணக்கில் விட்டால் முறைப்பாடு எடுபடாமல் போகலாம்.

கடந்த இரண்டு மூன்று வருடத்தில் மலையகத்தில் எங்கேயாவது சீகேட் டிஸ்க் வாங்கிச் சேர்வரிலோ கமரா ரெகோடரிலோ போட்டிருந்தால் ஃபார்ம் பதிவை எடுத்துப் பாருங்கள். எடுக்கத் தெரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள், பக்கத்தில் என்றால் ஞாயிற்றுக்கிழமையில் நானே வந்து பார்த்துத் தருகிறேன். ஒரே மாதிரி டிஸ்க் இன்னும் நாலு பேரிடம் கிடைத்தால் அதிகாரசபைக்கு எல்லாரும் சேர்ந்து போகலாம்.